சோக்கு யாருக்குச் சொந்தம்?

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை லுணுகலை டவுனுக்கு வந்து பாருங்கள். ஹொப்டன், அடாவத்தை பக்கமிருந்து வரும் பஸ் ஒவ்வொன்றும் நிறைஞ்சுதான் வரும். தோட்டத்தில் தீபாவளி முற்பணம் கொடுத்திருப்பார்கள். அது போனஸ் இல்லை, கடன். அடுத்து வரும் மாதங்களில் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துவிடுவார்கள். அந்தக் காசை முந்தானையில் முடிஞ்சுகொண்டுதான் அம்மாமார் உடுப்புக் கடைக்குள் ஏறுகிறார்கள். பையன்கள் தேடுவது நெஞ்சில் பெரிய எழுத்தில் கம்பனிப் பேர் போட்ட டீசேர்ட். கூச்சி, வெர்சாச்சி, பலென்சியாகா. அசல் இல்லை என்று விற்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவனுக்கும் தெரியும். மகன் சொன்ன 'கூச்சி' காதில் 'குச்சி' என்று விழுந்து, "வெறகுக்கா இவ்வளவு காசு?" என்று கேட்ட அம்மாமாரும் எங்கள் வீடுகளில் உண்டு.

அந்த நேரம் பார்த்து யாராவது ஒருத்தர் சொல்லுவார்: "தோட்டத்துப் புள்ளைகளுக்கு வந்த சோக்கப் பாரேன்."

இதை நாங்கள் பஸ்ஸில் கேட்டிருக்கிறோம். டியூஷன் வகுப்பில் கேட்டிருக்கிறோம். 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லோடு சேர்த்தும் கேட்டிருக்கிறோம். சிலநேரம் படித்து வெளியேறிய நம்ம ஆட்களே சொல்லுகிறார்கள். வயிற்றுக்கு இல்லாதவனுக்கு உடுப்பில் என்ன பவுசு என்பதுதான் அந்தப் பேச்சின் அடி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் எழுதத் தொடங்கினால், அந்தப் பதில் எங்களையும் திருப்பிக் கேள்வி கேட்கிறது.

இந்தக் கேலிக்கு நாங்கள் கண்ட மிகத் துணிச்சலான பதில் நியூயோர்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியில் பிறந்தது. ஆண்கள் பெண்ணுடையில் வந்து போட்டி போடும் நடன விழாக்கள் அங்கே 19ஆம் நூற்றாண்டிலிருந்தே நடந்தன. 'போல்' என்பார்கள். எல்லோரும் வரலாம், ஆனால் கிரீடம் பெரும்பாலும் வெள்ளைத் தோலுக்குத்தான். 1967 இல் நியூயோர்க்கில் நடந்த ஓர் அழகிப் போட்டியில் கிரிஸ்டல் லபேஜா என்ற கறுப்பினப் போட்டியாளர், தீர்ப்பு நியாயமில்லை என்று மேடையிலிருந்து இறங்கிப் போனார். அடுத்த ஆண்டு வெளிவந்த 'தி குவீன்' என்ற ஆவணப்படத்தில் அந்தக் கோபம் அப்படியே பதிவாகியிருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் அவரும் அவருடைய ஆட்களும் தங்களுக்கென்று தனியாக விழா நடத்தினார்கள். 'ஹவுஸ் ஒஃப் லபேஜா' பிறந்தது. இன்று போல்ரூம் பண்பாடு என்று உலகம் பேசுவது அங்கிருந்து வளர்ந்ததுதான்.

'ஹவுஸ்' என்றால் சும்மா ஒரு குழுவின் பேர் என்று நினைக்க வேண்டாம். வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட திருநங்கைகளும் தன்பால் ஈர்ப்புள்ள பிள்ளைகளும் ஒரு 'அம்மா'வின் கீழ் சேர்ந்தார்கள். அம்மா என்பவர் அவர்களை விடப் பத்துப் பதினைந்து வயது மூத்த இன்னொரு திருநங்கையாக இருக்கலாம். சோறு, படுக்க இடம், வருத்தம் வந்தால் பார்த்துக்கொள்ள ஆள், விழாவுக்கு உடுப்பு எல்லாம் அந்த வீட்டுக்குள். பாரிஸின் பெரிய ஆடை நிறுவனங்களையும் ஆங்கிலத்தில் 'ஹவுஸ்' என்றுதான் சொல்வார்கள். ஹார்லெம் பிள்ளைகள் அந்தப் பேர்களையே எடுத்துத் தங்கள் வீட்டுக்கு வைத்தார்கள். ஹவுஸ் ஒஃப் செயின்ட் லோரன், ஹவுஸ் ஒஃப் ஷனெல், ஹவுஸ் ஒஃப் பலென்சியாகா. அந்தக் கடைகளுக்குள் போனால் காவலாளி பின்னாலேயே வருவார் என்ற நிலைமையில் இருந்தவர்கள், அந்தக் கடையின் பேரையே தங்கள் குடும்பப் பேராக ஆக்கிக்கொண்டார்கள்.

விழாவில் பல பிரிவுகள் உண்டு. ஒன்றில் கோட் சூட்டும் தோல் பையுமாக, வோல் ஸ்ட்ரீட் நிர்வாகி மாதிரி நடந்து காட்ட வேண்டும். இன்னொன்றில் படைவீரர், மற்றொன்றில் பள்ளிக்கூட மாணவர். அசல் ஆளிடமிருந்து பிரித்துச் சொல்ல முடியாதபடி இருந்தால் பரிசு. இதற்கு 'ரியல்னெஸ்' என்று பேர். 1990 இல் ஜெனி லிவிங்ஸ்டன் எடுத்த 'பாரிஸ் இஸ் பேர்னிங்' படத்தில் டோரியன் கோரி என்ற மூத்த கலைஞர் இதை அமைதியாக விளக்குகிறார். ஒரு கறுப்பினத்தவர் நிர்வாகியாக முடியாமல் போனதற்குக் காரணம் திறமை இல்லாதது அல்ல, வாய்ப்பு இல்லாதது. விழா மேடையில் அவர் நிர்வாகியாகத் தெரிகிறார் என்றால், வாய்ப்புக் கிடைத்தால் ஆகவும் முடியும். இதுதான் அவர் சொல்வதன் சாரம். திருநங்கைகளுக்கு ரியல்னெஸ் இன்னொரு வகையிலும் தேவைப்பட்டது. விழா முடிந்து விடியற்காலை ரயிலில் வீட்டுக்குப் போகும்போது யாரும் கண்டுபிடிக்காவிட்டால் அடி வாங்காமல் போகலாம்.

இதைப் படித்தபோது எங்களுக்கு இது அந்நியமாகத் தெரியவில்லை. தோட்டத்தில் உடுப்பு எப்போதுமே யார் மேலே, யார் கீழே என்று காட்டும் அடையாளமாக இருந்தது.

பழைய புகைப்படங்களைப் பாருங்கள். துரை தொப்பியும் அரைக் காற்சட்டையும் காலுறையுமாக நிற்பார். பெரிய கங்காணி வேட்டிக்கு மேலே கோட் போட்டு, தலைப்பாகை கட்டியிருப்பார். தொழிலாளிக்குக் கம்பளி. அதுவும் இனாம் இல்லை, தோட்டம் கொடுத்துவிட்டுச் சம்பளத்தில் பிடித்துக்கொண்ட கம்பளி. கொழுந்து எடுக்கும் அம்மாவுக்கு இடுப்பில் சுற்றிய படங்கு, தலையில் கூடைக் கயிறு. துரை வரும் பாதையில் குடையை மடக்கிக்கொண்டு ஓரமாக நின்ற கதையை எங்கள் தாத்தாமார் இன்றும் சொல்வார்கள். மழையில் நனைந்தாலும் பரவாயில்லை, மடக்க வேண்டும். குடை பிடிப்பதே சோக்கு என்று ஆன காலம் அது.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். மலைநாட்டுச் சுற்றுலா ஹோட்டல்கள் சிலவற்றில் வெளிநாட்டு விருந்தினருக்குச் சீலை உடுத்தி, கூடை மாட்டி, கொழுந்து பறிக்க விட்டுப் படம் எடுத்துக் கொடுக்கிறார்கள். 1890 இல் இலங்கைக்கு வந்து ஹப்புத்தளைப் பக்கம் தோட்டம் வாங்கிய தோமஸ் லிப்டனின் காலத்திலிருந்தே, கூடை சுமந்த நம்ம பெண்களின் படம் தேயிலை விளம்பரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்கள் நம்ம அம்மாவின் உடுப்பைப் போட்டால் 'அனுபவம்'. நாம் அவர்களுடைய உடுப்பைப் போட்டால் 'வந்த சோக்கப் பாரேன்'.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. அந்த உடுப்பைத் தைப்பது யார்? கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் 1978 இல் தொடங்கியது. 1992 இல் ஜனாதிபதி பிரேமதாசவின் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் அதைக் கிராமப்புறங்களுக்குக் கொண்டுவந்தது. ஆடை ஏற்றுமதி தேயிலையை முந்திப் பல ஆண்டுகளாகிவிட்டன. விக்டோரியாஸ் சீக்ரெட், நைக்கி போன்ற பேர்களுக்கு இந்த நாட்டில்தான் தைக்கிறார்கள். லயத்துக்கு ஒரு அக்காவாவது காமண்டுக்குப் போயிருப்பார். ஒரு மணித்தியாலத்துக்கு இத்தனை துண்டு என்று இலக்கு வைத்து, ஒருவர் கை மட்டும், இன்னொருவர் கழுத்து மட்டும் என்று தைப்பார்கள். முழுச் சட்டையை ஒருத்தரும் தைப்பதில்லை. தையல் கொஞ்சம் பிசகிக் கழிக்கப்பட்ட உருப்படி, லேபிளை வெட்டிய நிலையில், பேமண்ட் கடைக்கு வந்து சேரும். அக்கா தைத்ததைத் தங்கச்சி வாங்குவாள். பேர் மட்டும் இருக்காது. பேர் மட்டும் இருந்து துணி வேறாக இருந்தால் அது அந்த தீபாவளி டீசேர்ட். இரண்டும் சேர்ந்து நமக்குக் கிடைக்காது.

கணக்கும் போட்டுப் பார்ப்போம். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. அசல் கூச்சி டீசேர்ட் சுமார் 500 டொலர் என்று வைத்தாலே, டொலர் 300 ரூபா கணக்கில் ஒன்றரை லட்சம். சாப்பிடாமல் கொள்ளாமல் 111 நாள் பேர் போட வேண்டும். "சம்பளத்துக்குப் போராட வேண்டிய நேரத்தில் உடுப்பா?" என்று எங்கள் தோழர்களே கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் சம்பளத்தைக் குறைத்து வைத்திருக்கும் மனநிலையும் உடுப்பைப் பார்த்துச் சிரிக்கும் மனநிலையும் ஒன்றுதான் என்று நாங்கள் நினைக்கிறோம். 'இவங்களுக்கு இது போதும்' என்ற எண்ணம் அது. லயக் காம்பராவும் அப்படித்தான் வந்தது, கம்பளியும் அப்படித்தான் வந்தது. சோக்காக உடுத்துகிற பையன் அந்தப் 'போதும்' என்பதை ஏற்கவில்லை. அவ்வளவுதான் அவன் செய்த குற்றம்.

இதுவரை நம்ம பெருமையைப் பேசினோம். இனி கொஞ்சம் சங்கடமான பக்கம்.

நமக்கும் ஒரு மேடை இருக்கிறது, காமன் கூத்து. மாசி மாதம் அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றிவிட்டால், தப்புச் சத்தம் லயமெல்லாம் கேட்கும். பகலில் கவ்வாத்து வெட்டிய ஆள் ராத்திரியில் மன்மதன். மினுக்குத் தாள் ஒட்டிய கிரீடம், ஜிகினா வேலை செய்த உடுப்பு, முகம் நிறையப் பூச்சு. அவன் பக்கத்தில் ரதி. மரபாக ரதி வேஷம் கட்டுவது ஆண்தான். சீலை, நகை, சடை, பூ எல்லாம் வைத்து அவர் வரும்போது ஊரே எழுந்து பார்க்கும். சிவனுடைய நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிந்த பிறகு ரதி புலம்புவாள். அந்தப் புலம்பலுக்கு அழாத கிழவிகள் கிடையாது. பத்துப் பேர் படுக்கும் காம்பராவிலிருந்து வந்த ஒருத்தர், தங்க நகை என்று நாம் நம்பும் அளவுக்குப் பித்தளை நகையைச் சுமந்து நிற்கிறார். ஹார்லெமில் இதற்கு ரியல்னெஸ் என்று பேர் வைத்தார்கள். நாம் பேர் வைக்காமலே தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறோம்.

இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. காமன் கூத்து விரதத்தோடு நடக்கும் சடங்கு, போல்ரூம் துரத்தப்பட்டவர்களின் அடைக்கலம். ரதி வேஷம் கட்டுகிறவர்கள் எல்லாம் திருநங்கைகள் என்றும் சொல்லவில்லை. பெரும்பாலோர் கல்யாணம் முடித்த, பிள்ளை குட்டி உள்ள ஆட்கள்தான். ஆனால் அந்தக் கூட்டத்தில், ரதியைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு ஒரு பிள்ளை நிற்கும். அந்தச் சீலை வேஷமாக இல்லாமல் வாழ்க்கையாகவே வேண்டும் என்று நினைக்கிற பிள்ளை. கூத்து ராத்திரியில் ரதியைக் கும்பிட்ட ஊர், மறுநாள் காலையில் அந்தப் பிள்ளையை ஓர் எண்ணைச் சொல்லிக் கூப்பிடும். பீலிக்கரையில் சிரிக்கும். வீட்டில் அடிப்பார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை லுணுகலையில் இருக்காது. கொழும்புக்குப் போனதாகச் சொல்வார்கள், பேச்சு அதோடு நின்றுவிடும்.

எங்களையே கேட்டுக்கொள்கிறோம். பள்ளிக்கூடத்தில் அந்த எண்ணைச் சொல்லிச் சிரித்தவர்களில் நாங்களும் இருந்தோம் இல்லையா? இருந்தோம்.

தமிழ்நாட்டில் உளுந்தூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில் கூவாகம் என்ற ஊர். சித்திரை மாதம் அங்கே கூத்தாண்டவர் கோயிலில் திருநங்கைகள் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் தாலி அறுத்து அழுவார்கள். ரதியைப் போலவே ஒரு ராத்திரி மணமகள், அடுத்த நாள் விதவை. அதையொட்டி விழுப்புரத்தில் மிஸ் கூவாகம் போட்டியும் நடக்கும். பட்டும் நகையும் பூவுமாக அவர்கள் நடந்து வருவதைப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாகப் படம் போடும். 2008 இல் தமிழ்நாடு அரசு திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்தது. அங்கேயும் அடியும் அவமானமும் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் 'திருநங்கை' என்ற மரியாதையான சொல் தமிழில் புழக்கத்துக்கு வந்தது. நம்ம ஊர் வாயில் அது இன்னும் ஏறவில்லை.

நம்ம நாட்டில் சட்டமும் சிரிக்கிறவர்களின் பக்கம்தான் நிற்கிறது. 1883 இன் தண்டனைச் சட்டக்கோவையில் உள்ள 365, 365அ பிரிவுகள் தன்பால் உறவைக் குற்றமாக வைத்திருக்கின்றன. 1995 இல் திருத்தியபோது அதை எடுத்துவிடவில்லை, பெண்களுக்கும் பொருந்துமாறு விரித்தார்கள். அந்தப் பிரிவை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது நிறைவேறாமலே 2024 இல் பாராளுமன்றம் கலைந்தது. 2016 இலிருந்து பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெற்று அடையாள ஆவணங்களை மாற்ற வழி இருக்கிறது. அதற்கு வைத்தியரிடம் போக வேண்டும், ஆவணம் சேர்க்க வேண்டும், பலமுறை அலைய வேண்டும். பசறை பஸ்ஸுக்கே காசு எண்ணும் பிள்ளைக்கு அந்த வழி எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள்.

இவற்றைவிட எங்களை உறுத்தியது இன்னொரு பிரிவு. தண்டனைச் சட்டக்கோவையின் 399, ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுதல். திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும் எதிராக இதைப் பொலிஸார் பயன்படுத்துவதை மனித உரிமை அமைப்புகள் பதிவுசெய்திருக்கின்றன. கூடவே 1841 இலேயே வெள்ளைக்காரன் கொண்டுவந்த அலைந்துதிரிவோர் கட்டளைச் சட்டம். பாருங்கள், அதே சீலை, அதே நடை. ஹார்லெமில் அதற்குக் கிண்ணம் கொடுத்தார்கள். நம்ம காமன் கம்பத்தடியில் அதற்கு மாலை போடுவோம். பஸ் ஸ்டாண்டில் நின்றால் அது ஆள்மாறாட்டம்.

ஆகவே எங்கள் வாதம் இதுதான். 'தோட்டத்துப் புள்ளைக்கு என்ன சோக்கு' என்று கேட்பதும் 'ஆம்பளைக்கு என்ன சீலை' என்று கேட்பதும் ஒரே கேள்வி. உனக்கு ஒதுக்கிய உடுப்பில் நில் என்பதுதான் இரண்டுக்கும் அர்த்தம். முதல் கேள்விக்குக் கோபப்படுகிற நாம், இரண்டாவதை நாமே கேட்டால், நம்ம கோபத்துக்கு என்ன மதிப்பு?

லேபிளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பேரைக் கைப்பற்றுவதோடு வேலை முடிந்துவிடாது. ஹார்லெமிலேயே டாப்பர் டான் என்ற தையற்காரர் இருந்தார். போல்ரூம்காரர் இல்லை, ஆனால் அதே மண். 1982 இல் 125ஆம் தெருவில் கடை போட்டு, கூச்சி, லூயி விட்டோன் எழுத்துகளைத் தோலில் அச்சடித்து, அந்தக் கம்பனிகள் நினைத்தும் பார்க்காத கோட்டுகளை ராப் பாடகர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் தைத்தார். கம்பனிகள் வழக்குகளோடு வந்தன, 1992 இல் கடை மூடியது. 2017 இல் கூச்சி ஒரு ஜாக்கெட்டை மேடையேற்றியது. அது 1989 இல் டைஅன் டிக்சன் என்ற ஓட்ட வீராங்கனைக்கு டாப்பர் டான் தைத்ததைப் போலவே இருந்தது. ஆட்கள் கொந்தளித்த பிறகுதான் அவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். போல்ரூமின் 'வோக்' நடனத்தையும் 1990 இல் மடோனாவின் பாட்டு உலகமெங்கும் கொண்டுபோனது. ஆடிப் பழக்கிய ஹார்லெம் பிள்ளைகளில் பலர் ஏழைகளாகவே இருந்தார்கள், எயிட்ஸில் செத்தார்கள்.

நம்ம பெரிய கங்காணியின் கோட்டையும் மறக்கக் கூடாது. அவரும் துரையின் உடுப்பை எடுத்துப் போட்டவர்தான். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு நம்ம ஆட்களையே விரட்டினார். மேலே உள்ளவனின் உடுப்பைப் போடுவது மட்டும் விடுதலை ஆகிவிடாது. போட்ட பிறகு யார் பக்கம் நிற்கிறோம் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. கிரிஸ்டல் லபேஜா வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்களுக்கு ஒரு வீடு கட்டினார். போல்ரூமிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஷனெல் என்ற பேரை அல்ல, அந்த வீட்டை.

அந்தப் பழக்கம் நமக்குப் புதுசும் இல்லை. ஹொப்டன் என்பது துரைமார் வைத்த பேர். இன்று அது யாருடைய ஊர்? லயத்துக் கதவுக்குத் தனி விலாசம் இல்லாவிட்டாலும், "எந்த ஊர்?" என்று கேட்டால் "ஹொப்டன்" என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிறோம். ஹவுஸ் ஒஃப் ஷனெல் என்று சொன்னவர்களும் இதைத்தான் செய்தார்கள்.

வரும் மாசியில் கூத்து நடக்கும் தோட்டங்களில் இருக்கும் இளைஞர்களிடம் நாங்கள் கேட்பது பெரிய விஷயம் இல்லை. காமண்டிலிருந்து லீவில் வரும் அக்காமாரைக் கூப்பிட்டு ரதியின் உடுப்பை அவர்கள் கையால் முழுசாகத் தைக்கச் சொல்லுங்கள், ஒரு கையோ ஒரு கழுத்தோ மட்டும் இல்லாமல். ஓரத்தில் அவர்களுடைய பேரை நூலால் போடச் சொல்லுங்கள். கூத்துக் கூட்டத்தில் ரதியைக் கண் இமைக்காமல் பார்க்கிற அந்தப் பிள்ளை நின்றால், பூச்சு போட உதவிக்குக் கூப்பிடுங்கள். அந்தப் பிள்ளை விரும்பும் பேரைக் கேட்டு, அந்தப் பேராலே கூப்பிடுங்கள். மறுநாள் காலை பீலிக்கரையில் யாராவது அந்த எண்ணைச் சொன்னால், சிரிக்காமல் இருந்தால் மட்டும் போதாது, "பேரச் சொல்லிக் கூப்பிடு" என்று சொல்லுங்கள்.

கொழும்புக்குப் போன பிள்ளைகளில் ஒருத்தராவது அடுத்த தீபாவளிக்கு, தனக்குப் பிடித்த உடுப்பில், லுணுகலை பஸ்ஸில் வந்து இறங்கட்டும்.